கோடு வந்ததும் பார்ட்டை மாத்தாதீங்க

செக் இன்ஜின் லைட் எரிஞ்சா, ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டி, கோடு பாத்து, பார்ட்டை மாத்தினா வேலை முடிஞ்சதுன்னு நானும் நினைச்சேன். எங்க மாமாவோட பெட்ரோல் காரில் பி0171 வந்தது. ஆக்சிஜன் சென்சர் மாத்தினேன். மூணாம் நாள் மறுபடியும் லைட். கடைசியில் பாத்தா, வேக்குவம் ஹோஸ் வெடிச்சிருந்தது. சென்சர் காசைப் பத்தி மாமா இன்னும் பேசுறார்.

பி0171 சொல்றது 'காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்பதை மட்டும்தான். காரணத்தை நாமதான் தேடணும். அதனால் கோடு படிச்சு அழிக்க மட்டும் தெரிஞ்ச ஆப் போதாது. ஃப்யூயல் ட்ரிம்மை லைவா காட்டணும். டார்க், கார் ஸ்கேனர் ரெண்டும் கிராஃபாவே காட்டும். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ரெண்டையும் கூட்டிப் பாருங்க. ஐடிலிங்ல +20% கிட்ட இருந்து, 2500 ஆர்பிஎம்ல நல்லா இறங்கினா காற்றுக் கசிவைத் தேடுங்க. லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறுதா? ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்க.

கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. கோடு விழுந்த நேரத்து ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு எல்லாம் அதில் இருக்கும். அழிச்சா அதுவும் போயிடும். (எனக்குப் போச்சு.)

பி0171 மாதிரி பொதுக் கோடுகளுக்கு நெட்ல கிடைக்கிற விளக்கம் ஓரளவு உதவும். பி1-ல தொடங்கினா அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; அந்த மாடலோட சர்வீஸ் மேனுவலைத்தான் பாக்கணும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடும் தெரியும்னு நம்பி மலிவான ஈஎல்எம்327 நகலை வாங்கிடாதீங்க.