ஆஃப்டர்டச்: அழுத்தம் அளவோடு இருக்கட்டும்

சில கீபோர்டுகளில் கட்டை அடியைத் தொட்ட பிறகும் விரலை அழுத்தினால் ஒலி அதிரும், அல்லது கூர்மையாகும். இதுதான் ஆஃப்டர்டச். பியானோ போலக் கனமான கட்டைகளை ஓங்கி வாசித்தால், சிந்தசைசரில் இது வேண்டாத நேரத்திலும் புகுந்துவிடும். சரிசெய்யும் வழிகள்:

● கீபோர்டைக் கணினியுடன் இணைத்து, அது அனுப்பும் தகவலைக் காட்டும் மிடி மானிட்டர் மென்பொருளைத் திறந்து பாருங்கள். அழுத்தத்துக்கேற்ப ஆஃப்டர்டச் எண் 0 முதல் 127 வரை சீராக ஏற வேண்டும்.

● லேசாக அழுத்தினாலே எண் எகிறினால், கருவியின் அமைப்பில் ஆஃப்டர்டச் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். பலமாக அழுத்தியும் பாதியில் நின்றால் கூட்டுங்கள்.

● ஒவ்வொரு படியாக மாற்றி, வழக்கமாக வாசிக்கும் பாட்டையே வாசித்துப் பாருங்கள்.

● பியானோ ஒலிக்கு ஆஃப்டர்டச்சை அணைத்துவிடலாம். வயலின், புல்லாங்குழல் ஒலிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

● ஆஃப்டர்டச் உள்ள பெரும்பாலான கருவிகளில் இருப்பது சேனல் ஆஃப்டர்டச். ஒரு கட்டையை அழுத்தினாலும் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தும் மாறும். எனவே பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது அளவைக் குறைவாக வையுங்கள்.

● மாற்றியதும் மறக்காமல் சேமியுங்கள்.

● எந்த அளவிலும் பலனில்லையா? கட்டைகளுக்கு அடியிலுள்ள சென்சார் பட்டை பழுதாகியிருக்கலாம். நீங்களே பிரிக்காமல் டெக்னீஷியனிடம் காட்டுங்கள்.

விரல் வலிக்க அழுத்தி வாசிக்காதீர்கள்; உங்கள் விரலுக்கு ஏற்றபடி கருவியை அமைத்துக்கொள்ளுங்கள்.