மூன்றாம் நாள் துள்ளல்

பெட்டை நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், முதல் ராத்திரியை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்கு மூன்றாம் நாளை நினைத்தால்தான் பயம். முதல் நாள் அது போட்ட இடத்தில் கிடக்கும். மூன்றாம் நாளுக்குள் வலி மருந்து வேலை செய்திருக்கும், பசி திரும்பியிருக்கும், வாசலில் ஜீப் சத்தம் கேட்டதும் பழையபடி பாயப் பார்க்கும். வயிற்றுத் தோலுக்கு அடியில் சதை மட்டும் இன்னும் கூடியிருக்காது.

எங்கள் செவலை ஏலத்தோட்டத்து நாய். எங்கள் மலையூரான கம்பம்மெட்டில் விடிந்தும் விடியாத நேரத்தில் கம்பம் பக்கத்திலிருந்து ஆளேற்றி வரும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும். ஒவ்வொன்றுக்கும் ஓடிப்போய் வாலாட்டி பிஸ்கட் வாங்குவதுதான் அவள் உத்தியோகம். கயிறும் சங்கிலியும் அவளுக்குப் பழக்கமில்லை. இப்படி வளர்ந்த நாயைப் பத்துப் பதினாலு நாள் ஓடாமல் வைத்திருப்பதுதான் உண்மையில் பெரிய வேலை. தையலைப் பார்த்துக்கொள்வது அதற்கு அடுத்துதான்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கண்டிப்பு தானாக வரும். கடுவனுக்குச் செய்வது சின்ன வேலை. விதைகள் வெளியிலேயே இருக்கின்றன. பெட்டைக்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சினைப்பைகளையும் எடுக்கிறார்கள். மூடும்போது வயிற்றுச் சுவருக்கு ஒரு தையல், தோலுக்கு அடியில் ஒன்று, மேலே தோலுக்கு ஒன்று. நம் கண்ணுக்குத் தெரிவது மேல் தையல் மட்டும். பாரம் தாங்குவதோ அடியில் இருக்கிற தையல். கட்டிலிலிருந்து ஒரு குதி, படிக்கட்டில் ஒரு ஓட்டம் போதும், மேலே ஒன்றும் தெரியாமலே அடித்தையல் விட்டுப்போகலாம். பிறகு தோலுக்கு அடியில் கொழுப்போ குடலோ பிதுங்கி, மறுபடி மேசையில் ஏற்ற வேண்டி வரும்.

எப்போது செய்வது என்பதில் எங்கள் மலைக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை வந்தால் நாய்களுக்குப் பருவம்; ஊர்க் கடுவன்கள் எல்லாம் தோட்டத்துக்குள் கூடிவிடும். பருவத்தில் இருக்கும்போது கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் டாக்டர்கள் பொதுவாக அந்தச் சமயத்தைத் தவிர்த்து, அது முடிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்பார்கள். அதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்றால் ஆடி, ஆவணி. சாரலும் மூடுபனியும் அட்டையும். தை பிறந்து மழை ஓய்ந்த மாதங்கள்தான் வசதி. செவலைக்கு அதுவரை பொறுக்க முடியாததால் மழையிலேயே செய்தோம். அதனால்தான் இதில் பாதி மழைக்கால யோசனையாக இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு காரியம்: தோட்டத்து நாய் என்றால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்க்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் ஓடியாடும். கத்தி வைத்த பிறகு ரத்தம் உறைய மறுத்தால்தான் விஷயம் தெரியும். தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது நல்லது.

எங்களில் பலர் நாயைக் கீழே கம்பத்துக்குக் கொண்டுபோகிறோம். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அங்கே போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் திரும்பி வருவது மலையேற்றம்தான். மயக்க மருந்து உடம்புச் சூட்டைக் குறைக்கும். கீழே மின்விசிறி இல்லாமல் இருக்க முடியாத வெக்கை, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் ஸ்வெட்டர் தேடும் குளிர். மயக்கம் முழுசாகத் தெளியாத நாய் இந்த மாற்றத்தைத் தாங்காது. தலையைத் தானாகத் தூக்கிப் பிடித்து, தள்ளாடியாவது நாலடி நடக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள். டிரைவர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும். ஜீப்பில் பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்தை நேராக நீட்டிவிட வேண்டும். வளைவில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போகாமல் வெளியே வர அதுதான் வழி. கடிக்குமோ என்று பயந்து வாயைக் கட்டிவிடாதீர்கள்.

வீட்டில் தரையோடு தரையாகப் படுக்கை: அடியில் சாக்கு, மேலே கம்பளி. வெந்நீர் பாட்டில் வைப்பதானால் துணியில் நன்றாகச் சுற்றி, உடம்பில் ஒட்டாமல் வையுங்கள். அரை மயக்கத்தில் இருக்கும் நாய் சூடு பட்டாலும் விலகத் தெரியாமல் கிடந்து வெந்துபோகும். அன்று ராத்திரி முனகும், நம்மைத் தெரியாததுபோல் வெறிக்கும், தொண்டையில் குழாய் விட்டிருந்தால் ஒன்றிரண்டு நாள் இருமவும் செய்யும். முனகுவதெல்லாம் வலியால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மயக்கம் இறங்கும்போது அப்படித்தான். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அது வயிற்றில் நின்றால் குழைந்த சோற்றில் எலும்பில்லாத கோழிக்கறி கொஞ்சம். வெங்காயம், பூண்டு கூடாது. இரண்டு மூன்று நாள் வெளிக்குப் போகாவிட்டால் பதற வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்பே பட்டினி போட்ட வயிறு.

நம் வீட்டு மாத்திரை டப்பாவை மட்டும் திறக்கவே வேண்டாம். தோட்ட வேலை செய்கிற ஊரில் வலி மாத்திரை இல்லாத வீடு கிடையாது. பாராசிட்டமால் நாயின் ஈரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் குடலைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் கொடுக்கும் மெலாக்சிகாம் போன்ற மருந்தோடு இவை சேர்ந்தால் இன்னும் மோசம். மஞ்சள் பத்தும் தேங்காய் எண்ணெயும் இப்படித்தான். பக்கத்து வீட்டுச் சேச்சி அன்போடு அரைத்துக்கொண்டு வந்தார். தையலில் எதைப் பூசினாலும் நக்கத்தான் தோன்றும், சிவந்திருக்கிறதா சீழ் கோத்திருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. வாங்கி அடுப்படியில் வைத்துக்கொண்டோம்.

நக்காமல் தடுப்பதற்குக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கோன்தான் நிச்சயமான வழி. முதல் நாள் கதவிலும் சுவரிலும் முட்டும், பிறகு பழகிவிடும். தட்டை ஒரு செங்கல் மேல் வைத்தால் கோனோடேயே சாப்பிடும். இதற்குப் பதிலாகப் பழைய பனியன் போடுகிறவர்கள் உண்டு: முன்கால்கள் கைவழியே, கழுத்து வழியே தலை, முதுகில் முடிச்சு. ஆனால் எங்கள் சாரலில் பனியன் காய்வதே இல்லை. ஈரத்துணி தையலில் ஒட்டிக் கிடந்தால் புண் பழுக்கும். பனியன்தான் என்றால் நாலைந்து வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்டுக் காயவைத்து மாற்றுங்கள். குளிப்பாட்டுவதைத் தையல் பிரிக்கும்வரை மறந்துவிடலாம்.

இனி அட்டை. நகரத்துக்காரர்கள் எழுதும் யோசனைகளில் இது வராது. மூத்திரத்துக்குக் கூட்டிப்போவது சிமெண்டுக் களத்தோடு நிற்கட்டும். ஏலச்செடிக்குள்ளோ புல்லிலோ இறக்காதீர்கள். மருந்தடித்த செடியில் உரசி வந்து பாதத்தை நக்கினாலும் கெடுதல்தான். திரும்பியதும் விரலிடுக்கு, தொடை, தையலைச் சுற்றி என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் வெகுநேரம் கசியும். அதன் எச்சில் அப்படி. கம்பளியில் சிவப்பைப் பார்த்துத் தையல் விட்டுப்போச்சு என்று அலறுவதற்கு முன்னால், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று துடைத்துப் பார்க்க வேண்டும். அட்டை ஒட்டியிருந்தால் நகத்தால் வழித்து எடுங்கள். நம் காலுக்குப் போடும் புகையிலைத் தூளும் உப்பும் சுண்ணாம்பும் நாய்க்கு வேண்டாம். தையலில் பட்டால் எரியும், நக்கினால் புகையிலை விஷம். ஈயும் இந்தக் காலத்தில் அதிகம். தையலில் கசிவு இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

காலையிலும் மாலையிலும் தையலைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். லேசான வீக்கம், கையால் தொட்டால் கெட்டியான மேடு, முதல் நாளில் ஒன்றிரண்டு சொட்டு இளஞ்சிவப்பு நீர், இவை சாதாரணம். நாற்றம், சீழ், வாய் பிளந்த தையல், நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம், ஒரு நாளைத் தாண்டியும் நிற்காத வாந்தி என்றால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். நாய்க்கு உடம்புச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருப்பது இயல்பு. 103-ஐத் தாண்டினால் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட ஈறு முக்கியம். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு வெளுத்து, வயிறு உப்பி, நாய் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கிடந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, ராத்திரியானாலும் மலையிறங்க வேண்டும். அதற்கு ஒரு ஜீப்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காய் எடுக்க வரும் அக்கா ஒருவர் கேட்டார்: "ஏண்ணே, தெருநாய்க்கெல்லாம் ஆப்பரேசன் பண்ணி விட்டுர்றாக. அதுபாட்டுக்கு ஓடுது. இதுக்கு மட்டும் எதுக்கு இம்புட்டுச் சீராட்டு?" நியாயமான கேள்வி. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே தெருநாய்க் கருத்தடையைத் தொடங்கியது. இன்று நாடு முழுவதற்கும் 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. காது நுனி வெட்டிய நாயை நாம் தெருவில் பார்ப்பது அது கூண்டில் இருந்து தேறி வந்த பிறகு. அந்த நாய்களுக்குப் பெரும்பாலும் சின்னக் கீறல், தானே கரையும் தையல். பிரிக்க ஆள் தேட வேண்டியதில்லை.

செவலைக்குக் கூண்டு கிடையாது, விறகு அறைதான். சங்கிலியில் கட்டினால் ஜீப் சத்தத்துக்கு இழுத்துத் துள்ளுவாள். கதவு சாத்திய சின்ன அறையில் துள்ள இடமில்லை. ஜீப் வரும் நேரத்துக்குச் சரியாக அவித்த முட்டைத் துண்டுகளைப் பழைய துண்டில் சுற்றி முடிந்து கொடுப்போம். பக்கத்திலேயே உட்கார்ந்து கோனைக் கழற்றிவிட்டால், படுத்தபடியே மோந்து மோந்து பிரித்துத் தின்பாள். நாய்க்கு மூக்கு வேலை செய்தால் கால் கொஞ்சம் ஓயும். தையல் பிரித்த மறுநாளே தோட்டத்தில் அவிழ்த்துவிடாமல், கயிற்றில் பிடித்து நடத்தி, நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டினோம்.

பிறகு எடை. கருத்தடைக்குப் பிறகு நாய்க்குத் தீனி குறைவாகவே தேவைப்படும், பசி மட்டும் கூடும். சோற்றைக் குறைத்துவிட்டோம். ஜீப் அக்காமார்களிடமும் பேசிப் பார்த்தாயிற்று. ஆளுக்கு ஒரு பிஸ்கட் என்பதைப் பாதியாக்கச் சம்மதித்திருக்கிறார்கள். நிறுத்த முடியாதாம்.