பட்டறைச் சுவர்

வீட்டோடு ஒட்டிய பட்டறைக்கு உட்சுவர்ப் பலகை வாங்குபவர் பெரும்பாலும் ஒட்டுப்பலகையைத்தான் நாடுவார். எங்கே திருகாணியை முடுக்கினாலும் அது இறுகப் பிடிக்கும். சுத்தியல், இரம்பம் எல்லாவற்றையும் மாட்டலாம். ஆனால், அதுவும் மரமே. வெல்டிங் பொறி இடுக்கில் விழுந்தால், கதவைப் பூட்டிய பிறகும் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். சுவருக்கு அப்பால் குடும்பம் உறங்கும்.

அந்த இடைச்சுவருக்கு ஜிப்சம் பலகையே ஏற்றது. தொட்டால் ஈரம் தெரியாது. ஆயினும், ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர்தான். தீயின் வெப்பத்தில் அது நீராவியாக வெளியேறும். அந்நீர் தீரும்வரை பலகையின் மறுபக்கம் 100 பாகை செல்சியசைத் தாண்டி அதிகம் சூடேறாது. தப்பிக்க நேரம் கிடைக்கும்.

அதன் மேலுறையோ காகிதம். நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். எனவே, மழைநீர் தெறிக்கும் வாசற்பக்கத்துக்கும் வெல்டிங் மூலைக்கும் சிமெண்டுப் பலகை பொருத்தலாம். அதை அறுக்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். கருவிகள் தொங்கும் சுவருக்கு மட்டும் ஒட்டுப்பலகை போதும்.