மறைக்க இடமில்லாத இசை

1983-இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவிக்குள் இருந்த ரிக்கோ 2ஏ03 சில்லில் மொத்தமே ஐந்து ஒலிச் சேனல்கள்தான். பல்ஸ் அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குகளை ஓட்ட ஒன்று. இன்று ஒரு சாதாரண மடிக்கணினியில் நூறு டிராக்குகளை அடுக்கலாம். இருந்தாலும் இந்த ஐந்தை வைத்துக்கொண்டு இசையமைக்கிறவர்கள் உலகின் எல்லா மூலைகளிலும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

இந்த இசையில் எதையும் மறைக்க முடியாது. குரல்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு சுரமும் தனியாகக் காதில் விழும். பாட்டின் மூலக் கோப்பைத் திறந்தால் எழுதியவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் வரி வரியாகக் கண்ணில் படும். நான் கற்றதெல்லாம் இந்தத் திறப்பின் வழியாகத்தான். இப்படிப் பழைய சில்லுகளில் எழுதும் இசைக்குச் சிப்டியூன் என்று பெயர். அதன் சமூகத்தில் எனக்குக் கிடைத்த இடமும் அப்படி வந்ததுதான். புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி, என் அனுபவத்தில் தேறியவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஒரே சில்லோடு தொடங்குங்கள்

பழைய கருவியை விலை கொடுத்து வாங்கினால்தான் தொடங்க முடியும் என்று பலர் தயங்குகிறார்கள். தேவையில்லை. ஃபேமிகாமுக்கு எழுத ஃபேமிடிராக்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பல பழைய சில்லுகளுக்கும் ஒரே இடத்தில் எழுத ஃபர்னஸ் என்ற திறமூல மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. கேம்பாய் கையில் இருப்பவர்களுக்கு, ஸ்வீடனைச் சேர்ந்த யோஹன் கோட்லின்ஸ்கி 2000-இல் உருவாக்கிய லிட்டில் சவுண்ட் டீஜே இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் அதே சில்லில் சில மாதங்கள் இருங்கள். கமடோர் 64 கணினியின் சிட் சில்லில் குரல்கள் மூன்றே. ஆனால் அதில் ஃபில்டர் உண்டு. கேம்பாயில் குரல்கள் நான்கு. அவற்றில் ஒன்றின் அலைவடிவத்தை நீங்களே வரையலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். அந்தக் குணம் கைக்குப் பழகும் முன் தாவினால் எதுவும் தங்காது.

இந்த வகை மென்பொருள்களுக்கு டிராக்கர் என்று பெயர். அதன் திரை முதலில் மிரட்டும். சுரங்கள் இடமிருந்து வலமாக ஓடாமல் மேலிருந்து கீழாக இறங்கும். எண்கள் ஒன்பதோடு நிற்காமல் ஏ முதல் எஃப் வரை நீளும். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சில வாரங்களில் விரல்களுக்குப் பழகிவிடும். மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். தேவைப்படும் கட்டளையைத் தேவைப்படும்போது தேடிக் கற்பதே போதும்.

ஐந்து சேனலை நிறைக்கும் வழிகள்

பல்ஸ் சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். மூன்று சுரங்கள் சேர்ந்த கார்டு வேண்டுமானால் அவற்றை மிக வேகமாக மாற்றி மாற்றி ஒலிக்க வைக்க வேண்டும். நொடிக்கு 60 முறை சில்லுக்குக் கட்டளை போவதால், மூன்று சுரங்களும் நொடிக்கு 20 சுற்று வரும். காது அதை ஒரே கொத்தாகக் கேட்கும். ஃபேமிடிராக்கரில் 047 என்று எழுதினால் மேஜர் கார்டு, 037 என்றால் மைனர். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிது. சட்ஜமம் 0, அந்தர காந்தாரம் 4, பஞ்சமம் 7. சாதாரண காந்தாரத்துக்கு மாறினால் நடு எண் 3.

எதிரொலி வேண்டுமா? இரண்டாவது பல்ஸ் சேனலில் அதே மெலடியைச் சற்றுத் தாமதமாக, ஒலியளவைப் பாதிக்கும் கீழே குறைத்து ஒட்டுங்கள். அந்தச் சேனலை வேறு வேலைக்கு வைத்திருந்தால், மெலடியில் வரும் இடைவெளிகளில் முந்தைய சுரத்தையே மெல்லிய ஒலியில் திரும்ப எழுதுங்கள். ஒரே குரலில் பெரிய மண்டபத்தின் ஆழம் வந்துவிடும்.

முக்கோண அலைக்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். பேஸுக்கு அதுவே வலிமை. சுரத்தின் நீளத்தை வெட்டி வெட்டி எழுதும்போதுதான் பேஸ் துள்ளும். அதே சேனலில் சுருதியைச் சட்டென்று மேலிருந்து கீழே விழ வைத்து, மேலே இரைச்சல் சேனலில் ஒரு துளி சேர்த்தால் நல்ல டிரம் அடி கிடைக்கும். பேஸ் சுரத்துக்கு முன் இரண்டு மூன்று கட்டளை நேரம் மட்டும் அது வந்து போவதால், பேஸ் விட்டுப்போனது காதுக்குத் தெரியாது.

தாளமும் கமகமும்

ஃபேமிடிராக்கரில் பாடலைப் பேட்டர்ன் என்ற துண்டுகளாக எழுதுவோம். ஒரு பேட்டர்னுக்கு வழக்கமாக 64 வரிகள். வேகம் 6 என்றால் ஒரு வரிக்கு ஆறு கட்டளை நேரம். நொடிக்குப் பத்து வரிகள். நான்கு வரிக்கு ஒரு பீட் என்று வைத்தால் நிமிடத்துக்கு 150 பீட் வரும். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 50 முறை என்பதால் அதே கணக்கு 125 ஆகிறது. அங்கே அமிகா கணினியில் எழுதப்பட்ட பாடல்களில் ஏராளமானவை 125-இல் ஓடுவதன் காரணம் இதுதான்.

ஓர் எண்ணிக்கைக்கு நான்கு வரி என்று கொண்டால் ஆதி தாளத்தின் இரண்டு ஆவர்த்தனம் அந்த 64-இல் கச்சிதமாக உட்காரும். மிஸ்ர சாபு வேண்டுமென்றால் பேட்டர்ன் நீளத்தை 28 ஆக்குங்கள். கண்ட சாபுவுக்கு 20. மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். பலருக்கு இது தோன்றுவதில்லை, 64 என்பதை விதியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கமகம் கடினம், ஆனால் முடியும். வைப்ரேட்டோ கட்டளை சுரத்தின் இரு பக்கமும் ஒரே அளவில் அசைக்கும். தோடியின் காந்தாரம் அப்படி அசைவதில்லை. ஓர் இடத்தில் தங்கும், ஓர் இடத்தில் வழுக்கும். எனவே வரிக்கு வரி சறுக்கல் கட்டளையைக் கையால் எழுத வேண்டும். வேகத்தை 3-க்குக் கொண்டுவந்து வரிகளை இரட்டித்தால் நுணுக்கமாக எழுத இடம் கிடைக்கும். நடு ஸ்தாயியிலேயே இருங்கள். மேலே போகப் போக இந்தச் சில்லின் சுருதிப் படிகள் அகலமாகி, சறுக்கல் படிக்கட்டு போலக் கேட்கும். மோகனத்திலோ ஹம்சத்வனியிலோ தொடங்குவது நல்லது.

மூலக் கோப்பே ஆசிரியர்

1987-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கரை எழுதினார். அந்த வழியில் வந்த மாட் கோப்புகளில் ஒலித்துணுக்குகளும் சுரக் குறிப்புகளும் சேர்ந்தே இருக்கும். பாடலைக் கேட்கிறவர் அதைத் திறந்து எப்படிச் செய்யப்பட்டது என்றும் பார்க்கலாம். ஒலித்துணுக்குகளின் பெயர் எழுதும் இடத்தில் இசையமைப்பாளர்கள் நண்பர்களுக்கு வணக்கமும் நன்றியும் எழுதி அனுப்பினார்கள். இணையம் வீடுகளுக்கு வரும் முன்பே ஒரு சமூகம் அந்தக் கோப்புகளுக்குள் பேசிக்கொண்டிருந்தது.

அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. உங்களுக்குப் பிடித்த பாடலின் மூலக் கோப்பு கிடைத்தால் ஒரு சேனலைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு அடுத்த சேனல். எங்கே ஒலியளவு ஒரு படி குறைகிறது, எங்கே ஒரு சுரம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கமடோர் 64 பாடல்களுக்கு ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன் என்ற தொகுப்பு இருக்கிறது. தன்னார்வலர்கள் சேர்த்துக் காத்துவரும் அதில் 50,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே ஆகியோரின் பாடல்களில் இருந்து தொடங்கலாம்.

கூட்டத்தில் ஒருவராக

முதலில் கேளுங்கள், பிறகு பகிருங்கள். பிறர் பாடலுக்குக் கருத்து எழுதும்போது ‘அருமை’ என்று மட்டும் விடாதீர்கள். ‘இரண்டாம் பகுதியில் பேஸ் நிற்கும் இடம் எனக்குப் பிடித்தது’ என்று எழுதினால், உண்மையில் கேட்டிருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். நான் நட்பு பெற்றது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரண்டு வரிகளால்தான்.

பிறர் பாடலை எடுத்து அமைத்தால் முதல் வரியிலேயே அவர் பெயரைச் சொல்லுங்கள். பிறர் உருவாக்கிய இன்ஸ்ட்ருமென்ட்டைப் பயன்படுத்தினாலும் அப்படியே. உண்மைக் கருவியில் பதிந்ததா, எமுலேட்டரா, கூடுதல் சேனல் தரும் சில்லைச் சேர்த்தீர்களா என்பதையும் எழுதுங்கள். எமுலேட்டரில் செய்வது குறையல்ல. சொல்லாமல் விடுவதைத்தான் கூட்டம் விரும்பாது.

ஒரு மணி நேரப் போட்டிகளில் கட்டாயம் கலந்துகொள்ளுங்கள். பேட்டில் ஆஃப் தி பிட்ஸ் போன்ற இடங்களில் இவை நடக்கின்றன. முடிக்கும் பழக்கத்தை இதைவிட நன்றாக வேறெதுவும் கற்றுத் தராது. ஐரோப்பாவின் மாலை நமக்கு நள்ளிரவு என்பதால், நமக்கு ஒத்துவரும் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் நானும் சொந்தக்காரன் என்று எனக்குப் புரிந்த தருணம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் நம் ஊரில் டிவி கேம் என்று விற்றவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். பின்னாளில் அசல் பதிவுகளைக் கேட்டபோது, நான் சிறுவயதில் கேட்ட ஒலி சற்று வேறாக இருந்தது என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி எழுதியபோது காரணத்தைச் சொன்னவர் ரஷ்யாவில் வளர்ந்த ஒருவர். பல நகல் சில்லுகளில் பல்ஸ் அலையின் 25, 50 விழுக்காடு அகலங்கள் இடம் மாறியிருந்தன. அந்த நகல்களுக்கு ரஷ்யாவில் டெண்டி, போலந்தில் பெகாசஸ், இங்கே டிவி கேம் என்று பெயர். நாங்கள் எல்லோரும் அந்த மாறிய ஒலியைக் கேட்டே வளர்ந்தவர்கள். இப்போது நான் வேண்டுமென்றே அந்த மாறிய அகலங்களில் எழுதும் பாடல்கள் உண்டு. கேட்டவுடன் அடையாளம் கண்டு எழுதுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

கணினிக் கலையான டெமோசீனை ஃபின்லாந்து 2020-இலும் ஜெர்மனி 2021-இலும் தங்கள் வாழும் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தன. டிராக்கர் இசை வளர்ந்த வீடு அது. அந்த மரபைக் காத்தவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்லர். கோப்பைத் திறந்து கொடுத்தவர்களும் அதைத் திறந்து பார்த்தவர்களும்தான்.

ஆகவே முதல் பாடல் ஒரு நிமிடமே இருந்தாலும் அதை முடித்துவிடுங்கள். ஒலிக் கோப்போடு மூலக் கோப்பையும் சேர்த்தே பகிருங்கள். ‘இதை எப்படிச் செய்தீர்கள்?’ என்று யாராவது கேட்டால் எந்த வரியில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். எனக்கு அப்படிச் சொன்னவர்களால்தான் நான் இதில் இருக்கிறேன்.