தெருவுக்கும் சேர்த்து ஒரு நட்சத்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

 

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் நைனார்பாளையம் வீட்டு முகப்பில், பாட்டின் தாளத்துக்கு ஏற்ப விளக்குகள் எரிந்து அணையும்படி கம்ப்யூட்டரில் செய்யப்போவதாக வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாய். மனசுக்கு நிறைவாக இருந்தது. டிப்ளமோவில் படித்ததைப் பரீட்சையோடு மறந்துவிடாமல் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர நினைக்கிறாயே, அதுவே நல்ல ஆரம்பம். போனில் பதில் சொன்னால் காற்றோடு போய்விடும். எடுத்து வைத்துத் திரும்பப் படிக்கலாம் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். விளக்கு நம் வீட்டுச் சுவரில் எரியும். பார்க்கப் போவது தெரு. எதை வாங்குவது, எப்படி இணைப்பது, எப்போது அணைப்பது என்று எல்லாவற்றையும் அந்தத் தெருவை மனசில் வைத்தே முடிவு செய்.

நீ இறங்கும் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1882 டிசம்பரில், எடிசனோடு வேலை செய்த எட்வர்ட் ஜான்சன் என்பவர் நியூயார்க்கில் தன் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 மின்விளக்குகளைக் கையால் கோத்துக் கட்டி, அந்த மரத்தையே சுழல வைத்தார். நம் நாட்டில் ஹூக்ளி ஆற்றங்கரையில், நம் புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆண்ட சந்தன்நகரில், ஜகத்தாத்ரி பூஜைக்கு விளக்கு அலங்காரம் செய்கிற கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சர்க்யூட் போர்டு வருவதற்கு முன்பே, மோட்டாரில் சுற்றும் உருளையில் செப்புத் தகடுகளைப் பதித்து, தகடு தொடும் நேரத்தில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதை முடிவு செய்தார்கள். மீன் நீந்துவதும் மயில் தோகை விரிப்பதும் அந்த உருளையால்தான் நடந்தன. கம்ப்யூட்டர் அதே வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது.

வீட்டு விளக்கைப் பாட்டோடு சேர்ப்பதை உலகம் முழுக்கப் பேசவைத்தவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மேசன் ஊரைச் சேர்ந்த மின் பொறியாளர் கார்சன் வில்லியம்ஸ். 2004-இல் 16,000 விளக்குகளை 88 பிரிவுகளாகப் பிரித்துத் தன் வீட்டு முகப்பை இசைக்கு ஆடவைத்தார். அடுத்த வருஷம் அதன் வீடியோ ஊர் ஊராகப் பரவியது. அவர் செய்த இரண்டு காரியங்களை நீ கவனிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக்கூடாது என்று ஒலிபெருக்கி வைக்காமல், குறைந்த தூரம் மட்டும் எட்டும் எஃப்.எம். ஒலிபரப்பில் பாட்டை விட்டார். காரில் வந்தவர்கள் காருக்குள்ளேயே கேட்டார்கள். கூட்டம் பெருகி, 2005 டிசம்பரில் பக்கத்தில் நடந்த விபத்துக்குப் போலீஸ் வந்து சேர முடியாமல் போனபோது, தானாகவே விளக்குகளை நிறுத்திவிட்டார். அவருடைய தொழில்நுட்பத்தைவிட அந்த முடிவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். கடையில் நாம் வாங்கும் சீரியல் செட்டில் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக இயக்க முடியாது. உனக்கு வேண்டியது, அப்படி இயக்க முடிகிற பிக்சல் விளக்கு. டபிள்யூஎஸ் 2811 சிப் வைத்த, 50 விளக்குகள் கொண்ட சரம் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது. கட்டளை ஒரே கம்பியில் வரும். முதல் விளக்கு தனக்கான 24 பிட்களை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளிவிடும். பரீட்சை ஹாலில் முதல் பெஞ்சில் இருப்பவன் தன் வினாத்தாளை எடுத்துக்கொண்டு மீதிக் கட்டைப் பின்னால் கொடுப்பானே, அப்படி. 24 பிட்களில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு எட்டு எட்டு. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ நொடி ஆகும். நீ 300 விளக்கு கட்டினால் மொத்தம் 9 மில்லி நொடி. ஆகவே நொடிக்கு 40 தடவை முகப்பு முழுவதையும் புதிதாக வரையலாம்.

கட்டளை அனுப்ப இஎஸ்பி32 போர்டு ஒன்று போதும். அதில் போடும் டபிள்யூஎல்இடி மென்பொருள் இலவசம். பாட்டோடு சேர்க்க எக்ஸ்லைட்ஸ் என்ற மென்பொருள், அதுவும் இலவசம். நம் வீட்டு முகப்பைப் படம் எடுத்து அதில் போட்டு, அதன் மேலேயே ஒவ்வொரு சரத்தையும் வரைந்து, விளக்கு கட்டும் முன்பே திரையில் ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றை மறக்காதே: இஎஸ்பி32 கொடுப்பது 3.3 வோல்ட் சிக்னல். 5 வோல்ட்டில் ஓடும் சிப் 3.5 வோல்ட்டாவது எதிர்பார்க்கும். நேராக இணைத்தால் ஒருநாள் ஒழுங்காக எரியும், மறுநாள் காரணமில்லாமல் துடிக்கும். சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்த, நடுவில் 74 ஏஹெச்சிடி 125 ஐ.சி. ஒன்றைப் போட்டுவிடு.

இதைவிட முக்கியம் ஆம்பியர் கணக்கு. ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் என்று வைத்துக்கொள். 300 விளக்குக்கு 18 ஆம்பியர். 5 வோல்ட்டில் 90 வாட். கரண்ட் பில்லுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மாலையில் நாலு மணி நேரம் முழு வெளிச்சத்தில் முப்பது நாள் எரித்தாலும், பவர் சப்ளையில் வீணாவதையும் சேர்த்து 13 யூனிட் அளவில்தான் வரும். பயப்பட வேண்டியது கம்பிக்கு. 5 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று மெல்லிசான கம்பியில் 18 ஆம்பியரை ஓட்டினால் கம்பி சூடாகி உருகும். வாசலில் கட்டும் கிறிஸ்துமஸ் குடிலில் இருப்பதோ வைக்கோலும் காகிதமும். அதனால் ஒவ்வொரு சரத்துக்கும் தனி ஃபியூஸ் போடு. பவர் சப்ளையின் முழுத் திறனில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே. டபிள்யூஎல்இடி-யில் உச்ச மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்க இடம் இருக்கிறது, அதையும் வைத்துவிடு. குடிலுக்குப் பக்கத்தில் பவர் சப்ளையை வைக்கவே கூடாது.

சோதித்துப் பார்க்கும்போது எல்லாவற்றையும் வெள்ளையில் எரியவிட்டுச் சரத்தின் கடைசியைப் பார். வெள்ளை மங்கிச் செம்மஞ்சள் ஓடியிருந்தால் அங்கே வோல்ட் குறைந்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பு எல்.இ.டி. இரண்டு வோல்ட்டிலேயே எரியும். நீலத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டும். வோல்ட் இறங்கினால் முதலில் சாவது நீலம். ஐம்பது விளக்குக்கு ஒருமுறை தடித்த கம்பியில் புதிதாக 5 வோல்ட் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியாகிவிடும். எல்லா நெகட்டிவ் கம்பிகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். கட்டளை போகவும் அதுதான் ஆதாரம்.

இனி 230 வோல்ட். இங்கே உன் துணிச்சல் எனக்கு வேண்டாம். பவர் சப்ளையை வீட்டுக்குள் வை. வெளியே 5 வோல்ட் மட்டும் போகட்டும். பவர் சப்ளைக்கு வரும் 230 வோல்ட் இணைப்பு, மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வரட்டும், எர்த் சரியாக இருக்கட்டும். நம் பக்கத்தில் டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை முடியாத காலம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் எப்படிக் கொட்டித் தீர்த்தது என்று உனக்கே தெரியும். ஆகவே மூட்டு ஒவ்வொன்றையும் மழை புகாத பெட்டிக்குள் வை. கம்பி பெட்டிக்குள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். நீர் வழிந்து கீழே போய்விடும்.

மூங்கில் நட்டு நட்சத்திரம் ஏற்றும் முன் தலைக்கு மேல் பார். கரண்டு கம்பி போகும் பக்கம் மூங்கிலே வேண்டாம். சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்து நடு. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டுச் சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் அவர்கள். எந்தத் திருவிழாவும் ஓர் உயிருக்கு ஈடாகாது. தெருவைக் குறுக்கே கடந்து கம்பி இழுக்காதே, ஈ.பி. கம்பத்தில் எதையும் கட்டாதே. மோட்டார் கொட்டகையிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது பயிருக்கென்று அரசு இலவசமாகக் கொடுத்த மின்சாரம். விளக்குக்கு எடுத்தால் சட்டப்படியே திருட்டு.

இவ்வளவையும் முடித்த பிறகுதான் அழகு. கம்ப்யூட்டர் கைக்கு வந்ததும் எல்லா விளக்கையும் எல்லா நேரமும் ஓடவிடத் தோன்றும். அதை அடக்கிக்கொள். நள்ளிரவுத் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற பாட்டைப் பாடும் நேரத்தை நினைத்துப் பார். அதுவரை மங்கலாக இருக்கும் கோயிலில் பாட்டு எழும்போது மணிகள் ஒலிக்கும், விளக்குகள் மொத்தமாக எரியும், குடிலில் பாலன் சுரூபம் தெரியும். ஒரே ஒரு ஸ்விட்ச்தான், ஆனாலும் உடம்பு சிலிர்க்கிறது. முன்னால் இருள் இருந்ததால்தான் அந்த வெளிச்சத்துக்கு அந்த வலிமை. உன் பாட்டிலும் அப்படி ஓர் இடத்தைத் தேடு. பல்லவி முதல் தடவை வரும்போது குடில் மட்டும் மெல்லிய மஞ்சளில் எரியட்டும். இரண்டாம் தடவை கைப்பிடிச் சுவர் சேரட்டும். நட்சத்திரத்தைக் கடைசி வரை இருட்டிலேயே வை. கண்ணைப் பறிக்கும் வெட்டொளி வேண்டாம். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிட்டால் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.

ஒலியில் கார்சன் வில்லியம்ஸின் வழி நமக்கு ஆகாது. இங்கே உரிமம் இல்லாமல் எஃப்.எம். ஒலிபரப்பக் கூடாது. வாசலில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் சின்ன ஸ்பீக்கர் போதும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-இல் வந்த ஒலி மாசு விதி. உனக்கு நான் வைக்கும் கெடு ஒன்பது மணி. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடக்கும். எதிர் வீட்டுப் பிள்ளைகள் படிக்க வேண்டும். தேர்வு முடியும்வரை பாட்டே இல்லாமல் நட்சத்திரம் மட்டும் அசையாமல் எரியட்டும்.

முதல் வருஷமே 300 விளக்கு வேண்டாம். 100 போதும். மூங்கில் பிளாச்சில் கட்டிய ஒரு நட்சத்திரமும் ஒரு குடிலும் செய். மூட்டுகளை நீயே சால்டர் செய், கணக்கை நீயே நோட்டில் எழுது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று படம் வரைந்து அப்பாவிடம் ஒரு பிரதி கொடு. நீ இல்லாத நேரத்தில் அவர் அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும். உன்னைவிடச் சின்னப் பையன்களையும் பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துச் செய். அடுத்த வருஷம் பொங்கலுக்கோ அம்மன் திருவிழாவுக்கோ அதே சரங்களை அவர்களே கட்டட்டும். பாட்டை மாற்றினால் போதும். பிக்சலுக்கு மதம் கிடையாது.

விளக்கு ஏற்றும் அன்று தெருவில் ஒரு வீடு விடாமல் நேரில் போய்க் கூப்பிடு. எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், எப்போது அணையும் என்று சொல். யாருக்காவது இடைஞ்சல் என்றால் எந்த நேரமானாலும் வந்து சொல்லலாம் என்றும் சொல்லிவிட்டு வா. யாராவது வந்து சொன்னால் அன்றைக்கே அணைத்துவிடு.

அன்புடன்,
சித்தப்பா