ஒலிக்குறுந்தட்டுகளைக் கணிப்பொறியில் இயக்கிப் பட்டியலிடுதல்

நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தால், நூலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் அட்டையிலேயே காணப்படும். அட்டை கிழிந்து போயினும், உள்ளே சில பக்கங்களைப் புரட்டி அது இன்ன நூல் என்று அறிந்து கொள்ளலாம். சி. டி. என்று நாம் வழங்கும் ஒலிக்குறுந்தட்டின் நிலை அத்தகையதன்று. உறையை இழந்த தட்டைக் கண்ணால் பார்ப்பவருக்கு, அதில் அடங்கியிருப்பது தாலாட்டா, ஒப்பாரியா, பள்ளி ஆண்டு விழாவின் உரையா என்பது சிறிதும் விளங்காது. தட்டை வாங்கிக் கொள்ளும் கணிப்பொறிக்கும் அது விளங்குவதில்லை. அவ்வாறாயின், சில தட்டுகளை இட்டவுடன் பாடல்களின் பெயர்கள் திரையில் தோன்றுவது எவ்வாறு? வேறு சில தட்டுகளுக்கு அவ்வாறு தோன்றாதது ஏன்? அந்நிலையில் நாம் செய்யத்தக்கது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தென் அந்தமானில் ஃபெரார்கஞ்சு வட்டத்தைச் சேர்ந்த சௌல்தாரி போன்ற ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இவ்வினாக்கள் தனிச் சிறப்புடையவை. வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, சாத்ரி முதலிய மொழிகளைப் பேசுவோர் இத்தீவில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இவர்களுடைய முன்னோர் கப்பலேறி வந்தபோது உடன்கொண்டு வந்த பாடல்களுள் பல எந்த நூலிலும் அச்சேறாதவை. வீட்டு நிகழ்ச்சிகளைக் குறுந்தட்டில் பதித்து வைக்கும் வழக்கம் பரவியிருந்த ஆண்டுகளில் அவற்றுள் ஏதேனும் பதிவாகியிருப்பின், அத்தட்டு இன்று பெட்டியிலோ பள்ளி அலமாரியிலோ உறங்கிக் கொண்டிருக்கக் கூடும்.

தட்டின் அமைப்பு

ஒலிக்குறுந்தட்டு, பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் கூடி வகுத்த முறைப்படி அமைக்கப்பெற்று, 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இதன் விட்டம் 12 செ. மீ.; கனம் 1.2 மி. மீ. பழைய கிராமபோன் தட்டில் முள்ளானது விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கிச் செல்லும். குறுந்தட்டிலோ லேசர் ஒளிக்கதிர் நடுப்பகுதியில் தொடங்கி விளிம்பை நோக்கிச் செல்கிறது. ஒலியலையின் அளவு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று, எண்களாக மாற்றப்பட்டு, மிக நுண்ணிய குழிகளாகத் தட்டில் பொறிக்கப்படுகிறது. இடம், வலம் ஆகிய இரு ஒலிவழிகளுக்கும் சேர்த்து ஒரு விநாடி ஒலிக்கு 1,76,400 பைட்டுகள் தேவைப்படுகின்றன.

தட்டின் தொடக்கத்தில் பொருளடக்கம் ஒன்று உண்டு. ஆனால் அதில் பெயர் எதுவும் இல்லை. தடங்கள் எத்தனை, ஒவ்வொரு தடமும் எந்த நிமிடத்தில், எந்த விநாடியில் தொடங்குகிறது, தட்டு எங்கே முடிகிறது என்பன மட்டுமே அதில் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு விநாடியை 75 கூறுகளாகப் பகுத்து இவ்வளவும் மிகத் துல்லியமாகக் கூறப்படுகிறது. ஒரு தட்டில் 99 தடங்கள் வரை அமையலாம். பெயர்களையும் தட்டிலேயே எழுதும் முறையொன்று பிற்காலத்தில் ஏற்பட்டது; ஆயினும் அதற்கென வகுத்த எழுத்துத் தொகுதிகளில் தமிழுக்கு இடமில்லை. ஆகவே, தட்டானது காலத்தை அறியும். பெயரை அறியாது என்று நாம் நினைவிற் கொள்ளலாம்.

கணிப்பொறி பெயரை அறியும் விதம்

இக்குறையை நீக்க ஓர் எளிய உபாயம் கண்டறியப்பட்டது. எக்ஸ்எம்சிடி என்னும் நிரலை இயற்றிய டி கான் என்பவர், 1993 ஆம் ஆண்டில், தட்டின் பொருளடக்கத்தையே அதன் அடையாளமாகக் கொள்ளலாம் என்று கருதினார். அதனின்றும் வளர்ந்ததே சிடிடிபி என்னும் பொதுப் பட்டியல். அதன் கணக்கை மாணவர்களும் செய்து பார்க்கலாம்.

மூன்று தடங்கள் கொண்ட ஒரு தட்டை எடுத்துக் கொள்வோம். அவை 2, 242, 510 ஆகிய விநாடிகளில் தொடங்குகின்றன. தட்டு 658 ஆம் விநாடியில் முடிகிறது எனக் கொள்க. முதலாவதாக, தொடக்க விநாடிகளின் இலக்கங்களைக் கூட்டுக: 2; 2+4+2=8; 5+1+0=6. ஆக மொத்தம் 16. (இத்தொகை பெரிதாயின் அதனை 255 ஆல் வகுத்து மீதியைக் கொள்ள வேண்டும்.) இரண்டாவதாக, முடிவிலிருந்து முதல் தடத்தின் தொடக்கத்தைக் கழிக்க: 658−2=656. மூன்றாவதாக, தடங்களின் எண்ணிக்கை 3. இம்மூன்றையும் பதினாறடிமான முறையில் எழுதினால் 10, 0290, 03 என்றாகும். இவற்றைச் சேர்த்து எழுதிய 10029003 என்பதே அத்தட்டின் அடையாள எண். கணிப்பொறி இவ்வெண்ணை இணையத்தின் வழியே பட்டியலுக்கு அனுப்பும். அதே எண்ணுள்ள தட்டுக்கு வேறொருவர் முன்னரே பெயர்களை எழுதி வைத்திருந்தால் அவை திரும்பி வரும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. திரையில் தோன்றும் பெயர் தட்டிலிருந்து வந்ததன்று. எங்கோ ஓரிடத்தில் ஒரு மனிதர் தம் கையால் எழுதியது. ஆகையால் அதில் பிழையும் இருக்கலாம். வெவ்வேறு தட்டுகள் இரண்டிற்கு ஒரே எண் அமைந்து, ஒன்றன் பெயர்கள் மற்றொன்றுக்கு வந்துவிடுதலும் உண்டு. மேலும், இத்தகைய பட்டியல்கள் என்றும் நிலைத்திருப்பன அல்ல. சிடிடிபி ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதற்கு மாற்றாகத் தோன்றிய ஃப்ரீடிபி 2020 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று வழங்கும் மியூசிக்பிரெய்ன்ஸ் என்னும் பட்டியல் இவற்றினும் நுட்பமான அடையாளத்தைக் கையாள்கிறது. தமிழ் எழுத்தில் எழுதிய பெயர்களையும் ஏற்றுக் கொள்கிறது.

பெயர் கிடைக்காத தட்டுகள்

2020 ஆகஸ்டு 10 அன்று சென்னைக்கும் அந்தமான் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கி. மீ. நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளையே நம்பியிருந்த இத்தீவுகளில் அதன் பின்னர் இணைய வேகம் பெருகியது. விற்பனைக்கு வந்த திரைப்படப் பாடல் தட்டுகளின் பெயர்களைப் பெறுதல் இப்பொழுது எளிது. ஆனால் ஒரு மூதாட்டி தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடியதைப் பதித்த தட்டுக்கு எந்த வடமும் பெயரைக் கொண்டு வாராது. உலகில் ஒரே ஒரு படியாக உள்ள அத்தட்டிற்குப் பெயரிடக் கூடியவர், அதில் ஒலிக்கும் குரலை அறிந்தவர் மட்டுமே.

இதன் முக்கியத்துவத்தை இத்தீவுகளே நமக்கு உணர்த்தியுள்ளன. பெரிய அந்தமானிய மொழிகளுள் ஒன்றாகிய போ மொழியை அறிந்திருந்த கடைசி மூதாட்டியான போவா சீனியர், 2010 ஜனவரி 26 அன்று காலமானார். அம்மொழியில் உரையாடத் துணையின்றியே அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி 2005 முதல் அவரிடமும் அவருடைய சமூகத்தினரிடமும் சொற்களையும் கதைகளையும் பாடல்களையும் கேட்டுப் பதிவு செய்து வந்தார். வெறும் ஒலிப்பதிவோடு அப்பணி நிற்கவில்லை. சொன்னவர் யார், சொல்லின் பொருள் என்ன என்பவற்றை அவ்வப்பொழுதே கேட்டு எழுதி வைத்தமையால், அம்மூதாட்டியின் குரல் இன்றும் பொருளுடன் வாழ்கிறது. அக்குறிப்புகள் இல்லாதிருப்பின் அது எவராலும் விளங்கிக் கொள்ள இயலாத ஓசையாகவே எஞ்சியிருக்கும்.

நம் தமிழ் இலக்கியத்திலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. குறுந்தொகைப் புலவர் செம்புலப்பெயனீராரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் பாட்டில் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராயிற்று. பாட்டு பிழைத்தது, பாடியவர் பெயர் பிழைக்கவில்லை.

இக்கட்டுரையாளரின் இல்லத்திலும் ஒரு தட்டு உண்டு. 'அம்மா பாட்டு – 2' என்பதற்கு மேல் அதில் எதுவும் எழுதப்படவில்லை. பதித்த காலத்தில் எல்லாம் நன்கு தெரிந்தவையாக இருந்தமையால், எழுத வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. அதன் ஒன்பதாவது தடத்தில் அன்னையாரோடு சேர்ந்து வேறொரு பெண்ணும் நடவுப் பாட்டுப் பாடுகிறார். அவர் யாரென்று சொல்லக் கூடியவர் இன்று எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை. ஒரு வரி எழுதியிருந்தால் அப்பெண்ணின் பெயர் நிலைத்திருக்கும்.

பணி செய்யும் முறை

1. புதிய கணிப்பொறிகள் பலவற்றில் சி. டி. டிரைவ் இருப்பதில்லை. வெளியிலிருந்து யுஎஸ்பி வழியாக இணைக்கும் டிரைவைப் பெற்றுக் கொள்க. விண்டோஸ் கணிப்பொறிக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸ் கணிப்பொறிக்குச் சவுண்ட் ஜூசர் அல்லது அசண்டர் போன்ற நிரல் ஏற்றதாகும்.

2. தட்டை விளிம்பில் பிடித்தெடுத்து, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க. வட்டமாகத் துடைத்தல் கூடாது. ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் எழுத்துப் பக்கத்தை ஒட்டியே அமைந்துள்ளமையால், அப்பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் எழுதுதல் தீங்கானது.

3. தட்டை ஒருமுறை முழுவதும் இயக்கிக் கேட்க. இயன்றால், பாடியவரையோ அவரை அறிந்த முதியவரையோ அருகில் அமர்த்திக் கொண்டு கேட்பது சாலச் சிறந்தது.

4. பின்னர் ஒலியைக் கணிப்பொறியில் படியெடுக்க. தட்டில் கீறலால் எண்கள் சில சிதைந்திருப்பின், இயக்கும் கருவி அவ்விடத்தை ஊகத்தால் நிரப்பிவிடும். நம் காதுக்குக் குறை தெரியாது. ஆதலால் ஐயமுள்ள பகுதியை மீண்டும் மீண்டும் படித்து ஒப்பிடும் வசதி நிரலில் இருப்பின் அதனையே கையாள்க.

5. ஃப்ளாக் என்னும் கோப்பு முறை ஒலியில் எதையும் இழக்காமல் இடத்தை வெகுவாகக் குறைக்கும். எம்பி3 முறை ஒலியின் ஒரு பகுதியை நீக்கிவிடுவது. கேட்பதற்கு உதவுமேயன்றிக் காப்பதற்கு உதவாது. ஃப்ளாக் கோப்பினுள் பெயர் முதலியவற்றைத் தமிழிலேயே எழுதலாம்.

6. ஒவ்வொரு தடத்திற்கும் பின்வருவனவற்றைப் பட்டியலில் நிரப்புக: தட்டின் எண், தடத்தின் எண், கால அளவு, பாட்டின் முதலடி, பாடியவர், மொழி, அவர் முன்னோரின் ஊர், பதிவு செய்த இடமும் நாளும், பதிவு செய்தவர், பாடும் சந்தர்ப்பம், அனுமதி பெற்ற விவரம், ஐயங்கள். நாட்டுப் பாடல்களுக்குத் தலைப்பு இருப்பதில்லை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் பாட்டு முதற்குறிப்பு அகராதி அமைத்ததைப் போல, முதலடியையே தலைப்பாகக் கொள்க. தெரியாததை ஊகித்து எழுதாமல் 'தெரியவில்லை' என்றே குறித்தல் நன்று.

7. பட்டியலில் ஒரு படியைத் தாளில் அச்சிட்டுத் தட்டின் உறையோடு வைக்க. ஒலிக்கோப்புகளின் இரு படிகளை வெவ்வேறு கட்டிடங்களில் வைக்க.

இரு எச்சரிக்கைகள்

ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மி. மீ. மழை பெய்யும் இத்தீவுகளில் காற்றின் ஈரம் மிகுதி. வீட்டில் பதித்த தட்டுகளில் ஒலியைத் தாங்குவது ஒரு சாயப் படலமே. ஈரமும் வெப்பமும் வெயிலும் அதனைக் கெடுக்கும். எனவே, கடையில் வாங்கிய தட்டுகளுக்கு முன் வீட்டில் பதித்தவற்றைப் படியெடுக்க வேண்டும்.

இரண்டாவது, அனுமதி பற்றியது. பாடியவரின் இசைவின்றி ஒலியைப் பிறருக்கு வழங்கலாகாது. பழங்குடியினருக்கு ஒதுக்கிய பகுதிகளில் நுழைவதை 1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி கட்டுப்படுத்துகிறது. அப்பகுதிகளில் எவ்விதப் பதிவுக்கும் முயலுதல் தகாது. இப்பாடத்தில் கூறிய பணி நாம் வாழும் ஊருக்கும் பள்ளிக்கும் உரியது.

பயிற்சி

(அ) பள்ளியிலுள்ள ஏதேனும் ஒரு குறுந்தட்டின் தடங்களுக்குரிய தொடக்க விநாடிகளை நிரலின் உதவியால் அறிந்து, அதன் அடையாள எண்ணை மாணவர்களைக் கொண்டு கணக்கிடச் செய்க.

(ஆ) இணையப் பட்டியலிலிருந்து கிடைத்த பெயர்களைத் தட்டைக் கேட்டு ஒப்பிட்டு, பிழைகளைக் குறிக்க.

(இ) ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம், வீட்டிலுள்ள பதிவு ஒன்றில் ஒலிக்கும் குரல்கள் யாருடையவை என்று கேட்டு எழுதி வருக.

இம்மூன்றனுள் கடைசிப் பயிற்சிக்குக் கணிப்பொறி வேண்டுவதில்லை; ஆயினும் அதனையே முதலில் தொடங்குதல் வேண்டும். படியெடுக்கும் வேலையை அடுத்த மாதமும் செய்யலாம். குரலை அடையாளம் காட்டக் கூடிய முதியவர் அதுவரை நம்மோடிருப்பார் என்று எவரும் உறுதி கூற இயலாது.