வைகாசிக் கல்யாணத்துக்குப் பருப்புத் தேங்காய்

வெயில் காலத்தில் கேக்கின் மேல் வெண்ணெய்க் கிரீம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. நம் சீர்வரிசைப் பருப்புத் தேங்காயோ, பாகு சரியாக இருந்தால், வைகாசி வெயிலையும் தாங்கும்.

எல்லாம் பாகில்தான் இருக்கிறது. இரண்டு பங்கு வறுத்த வேர்க்கடலைக்கு ஒரு பங்கு பாகு வெல்லம் போதும். கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் மறுநாளே கசிந்து, கூம்பு சாய்ந்துவிடும். தேங்காய் சேர்ப்பது இந்த மாதங்களில் வேண்டாம். சிக்கு வாடை வரும். அதற்குப் பதில் தேன்குழலில் செய்யும் மனோகரம் நல்லது.

கூம்பு அச்சான கூட்டின் உள்ளே நெய் தடவி அரிசி மாவு தூவி, பாகில் கலந்த கடலையைச் சூடாக இருக்கும்போதே நுனியிலிருந்து அழுத்தி நிரப்புங்கள். ஆறிய பிறகே தட்டி எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும். காற்றுப்புகாத டப்பாதான் சரி.

ஜிகினாக் காகிதம், பூ அலங்காரமெல்லாம் முகூர்த்தத்தன்று காலையில். ஈரப்பூ நேரே படாமல் நடுவில் பட்டர் பேப்பர் சுற்றுங்கள். சாக்லேட் ஒட்டுவதைத் தவிர்க்கலாம், உருகி வழியும்.

சுவாமிமலைக் கோயிலிலேயே கல்யாணம் என்றால் 60 படி ஏற வேண்டும். கூம்புகளைக் கூட்டோடு கொண்டுபோய், மேலே போய்க் கழற்றி அலங்கரியுங்கள்.